தோலுக்கு முன்னால் காகிதம் வரும்

இறக்குமதி என்றாலே பெரிய முதலாளி, மெட்ராஸில் ஏசி ஆபீஸ், வருடத்துக்கு இரண்டு வெளிநாட்டுப் பயணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. ஆற்காடு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, அப்படியே பாலாற்றோரமாக ஆம்பூர், வாணியம்பாடி வரை போனால், பத்துக்குப் பத்து அறையில் ஒரு மேஜை, ஒரு கால்குலேட்டர் வைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து சரக்கு தருவிக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒருவர் தோலுக்கான கெமிக்கல் வாங்குவார். இன்னொருவர் ஷூவுக்கு ஜிப், பக்கிள், லைனிங் துணி வாங்குவார். எல்லோருமே ஏதோ ஒரு நாள் ஒன்றும் தெரியாமல் முதல் சரக்குக்கு ஆர்டர் போட்டவர்கள்தான்.

அப்படி ஒருவருடைய முதல் சரக்கைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். 1994-இல் நடந்தது. நான் வியாபாரி இல்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, அறுபது வயதில் ஓய்வு பெற்றவன். அந்த விவகாரத்துக்குள் என்னை இழுத்து விட்டது என்னுடைய பிரெஞ்சு.

நான் பிறந்து படித்தது புதுச்சேரியில். 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், 1962-இல்தான் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தோம். எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் பிரெஞ்சுப் படிப்பின் மேல் தீராத மதிப்பு. அதனால் கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாமே எனக்குப் பிரெஞ்சில்தான். 'திக்தே' என்று ஒரு வகுப்பு உண்டு. வாத்தியார் வாசிப்பார், நாங்கள் எழுத வேண்டும். ஒரு எழுத்து தப்பினாலும் மதிப்பெண் போய்விடும். ஒரு சொல்லையும் தாண்டிப் போகாமல் படிக்கிற பழக்கம் அங்கே வந்தது. வேலை கிடைத்து வேலூர்ப் பக்கம் வந்த பிறகு அந்தப் பிரெஞ்சுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆபீஸில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், மேலிடத்துச் சுற்றறிக்கையில் இந்தி. இருபது வருடம் அது பெட்டியில் வைத்த பட்டு வேட்டி மாதிரி கிடந்தது.

இப்போது தோலுக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த கதை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலை நம் பக்கத்திலிருந்து சீமைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு குரோமில் பதனிட்ட நீலத் தோல், அதாவது வெட் புளூ, ஏற்றுமதியானது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டி சொன்னதை வைத்து அரசு கொள்கையை மாற்றியது. பச்சைத் தோலையும் அரைப் பதத் தோலையும் வெளியே அனுப்பிக் கொட்டாதே, முழுசாக முடித்து, முடிந்தால் செருப்பாகவும் ஷூவாகவும் தைத்து அனுப்பு என்றது. அதன் பலன் இருபது வருடத்தில் தெரிந்தது. ஷாப்புகள் பெருகின, ஷூ ஃபேக்டரிகள் வந்தன. ஆனால் அவ்வளவுக்கும் நம் நாட்டு ஆடு மாடு போதவில்லை. ஒரு காலத்தில் தோலை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த ஊர், வெளியிலிருந்து தோல் வாங்கும் ஊராகிவிட்டது. 1991-க்குப் பிறகு லைசென்ஸ் கெடுபிடிகளும் தளர்ந்தன. சின்ன ஆளும் இறக்குமதி செய்யலாம் என்ற நிலை வந்தது.

இதே சமயத்தில் ஆப்பிரிக்காவில் ஒன்று நடந்தது. செனகல், மாலி, ஐவரி கோஸ்ட் முதலிய முன்னாள் பிரெஞ்சுக் காலனிகளின் பணத்துக்கு சி.எஃப்.ஏ. ஃப்ராங்க் என்று பெயர். 1948-லிருந்து 50 சி.எஃப்.ஏ. ஃப்ராங்க் கொடுத்தால் 1 பிரெஞ்சு ஃப்ராங்க் என்ற கணக்கு மாறவே இல்லை. 1994 ஜனவரியில் டக்கார் நகரில் கூடி, ஒரே ராத்திரியில் அதை 100 ஆக்கிவிட்டார்கள். அந்த வருடம் நம் ரூபாய் டாலருக்கு 31.37 என்று அசையாமல் நின்றது. ஆக, அவர்களுடைய ஒரு ஃப்ராங்க் நமக்குப் பத்துப் பைசா சொச்சமாக இருந்தது, விடிந்தபோது ஐந்து பைசா சொச்சம். அந்த ஊர் மக்களுக்கு அது பெரிய அடி. அங்கிருந்து வாங்குகிறவனுக்கோ பாதி விலையில் சந்தை திறந்த மாதிரி.

மேல்விஷாரத்தில் ஒரு ஷாப்பில் செலக்‌ஷன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு இது எப்படியோ காதில் விழுந்தது. வயது இருபத்தெட்டு இருக்கும். தோலைக் கையில் எடுத்தால், முதுகைத் தடவிப் பார்த்தே இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்று பிரித்துப் போட்டுவிடுவான். அவனுடைய அப்பா, பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், அதே ஷாப்பில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். பையன் மெட்ராஸ் தோல் கண்காட்சியில் கிடைத்த ஒரு விலாசத்துக்கு, மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவுக்கு, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போட்டிருக்கிறான். பதில் பிரெஞ்சில் வந்தது. மெட்ராஸுக்குக் கொண்டுபோய் மொழிபெயர்க்க வைத்தால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். "ஆற்காட்டுல ஒரு பாண்டிச்சேரிக்காரர் இருக்காரு, கவர்மென்ட்ல கிளார்க்கு" என்று யாரோ சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் வந்து நின்றான்.

"சார், இதப் படிச்சு சொல்லுங்க. எவ்வளவு குடுக்கணும்னாலும் குடுத்துடுறேன்" என்றான்.

காசு வாங்க முடியாது தம்பி என்றேன். அரசு ஊழியன் தனியாகத் தொழில் செய்து சம்பாதிக்கக் கூடாது என்று நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. அவன் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கால் கிலோ மக்கன் பேடாவோடு வந்தான். விதியில் மக்கன் பேடா பற்றி ஒன்றும் இல்லை என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கடிதம் ஒரே பக்கம்தான். விலை உண்மையிலேயே மலிவு. பையன் அந்த எண்ணை மட்டும் நன்றாகப் புரிந்து வைத்திருந்தான். சுற்றி இருந்த சொற்களில்தான் விஷயமே இருந்தது. அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, 'அ தீத்ர் அன்திகாதிஃப்'. தோராயமாகத் தெரிவிக்கும் விலை என்று பொருள். நாளைக்கு வேறு விலை சொன்னாலும் நீங்கள் கேட்க முடியாது.

இரண்டாவது, 'தெபார் யூசின்'. ஆலை வாசலில் கொடுக்கும் விலை. பமாக்கோவுக்குக் கடலே கிடையாது. நான் பூகோளத்தைப் பிரெஞ்சில் படித்தது அன்றைக்குத்தான் உதவியது. அங்கிருந்து செனகல் நாட்டு டக்கார் துறைமுகத்துக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல் ரயில். நம் ஆற்காட்டிலிருந்து நாக்பூரையும் தாண்டிப் போகிற தூரம். அந்த ரயில் கூலி, எல்லைச் செலவு, கப்பலில் ஏற்றும் செலவு எல்லாம் வாங்குகிறவன் தலையில்.

மூன்றாவது, 'தூ வெனான்'. பையன் அதை ஏதோ ஒரு ஆட்டு ஜாதியின் பெயர் என்று நினைத்திருந்தான். 'வருவதெல்லாம்' என்பதுதான் நேர்ப் பொருள். ரகம் பிரிக்காமல், நல்லதும் கெட்டதும் கலந்து அப்படியே அள்ளிக் கொடுப்பது. தோலை ரகம் பிரிப்பதே தொழிலாகக் கொண்டவனுக்கு ரகம் பிரிக்காத தோலை விற்கப் பார்த்திருக்கிறார்கள். மோசடி ஒன்றும் இல்லை. தெளிவாக எழுதித்தான் இருந்தார்கள், அவர்கள் மொழியில்.

அவன் முகம் சுண்டிப் போய்விட்டது. நான் ஒரு முழு நீளத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். ஆபீஸில் பயண பில் சரிபார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாக எழுதச் சொன்னேன். தோல் விலை, ரயில், கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ், பேங்க் கமிஷன், மெட்ராஸ் துறைமுகச் செலவு, கிளியரிங் ஏஜென்ட் கூலி, லாரி, கடன் வட்டி. கடைசி வரி, 'எதிர்பாராதது'. அதற்கு அவன் ஒன்றும் போடாமல் விட்டான். நூற்றுக்கு ஐந்தாவது போடு என்றேன். கூட்டிப் பார்த்தபோது பாதி விலைத் தோல் நம் ஊர் விலைக்குக் கொஞ்சம்தான் கீழே நின்றது. இருந்தாலும் கீழேதான் நின்றது. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

மே, ஜூன் இரண்டு மாதமும் ஃபேக்ஸ் போக்குவரத்து. ஆற்காடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில் ஒரு பக்கம் அனுப்பினால் ஆப்பிரிக்காவுக்கு ஆகும் செலவு என் ஒரு நாள் சம்பளத்தைத் தொட்டது. அதனால் நான் எழுதியது தந்தி மாதிரிதான் இருக்கும். கடைசியில் மூன்று விஷயம் ஒத்துக்கொண்டார்கள். டக்காரில் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை. முதல், இரண்டாம், மூன்றாம் ரகம் மட்டும். பணம் லெட்டர் ஆஃப் கிரெடிட் மூலம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 9 லட்சம். பையன் மூன்றில் ஒரு பங்கு, அவனுடைய தாய்மாமா ஒரு பங்கு, வாடகை ட்ரம்மில் தோல் ஓட்டும் ஒரு சிநேகிதர் ஒரு பங்கு. பையனின் பங்கில் பாதி, பாய் வேலையை விட்டபோது கிடைத்த பணம். மீதி, அவன் அக்காவின் நகை அடகு. அக்கா கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்தவர், ஒரு பெண் குழந்தை. அந்த நகை போனால் திரும்பி வர வழி இல்லாத நகை. புதிதாக ஆரம்பிக்கிறவனை நம்ப பேங்க் தயாராக இல்லை, முழுத் தொகையையும் முன்வைப்பாகக் கேட்டது. அது அவர்கள் பக்கத்து நியாயம்.

இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வாங்க நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனுக்கு அவனே நாலு நடை நடந்தான். ஜூலையில் லெட்டர் ஆஃப் கிரெடிட் திறந்தார்கள்.

இதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் இதை ஒரு காப்பு என்று நினைக்கிறோம்: சரக்கு சரியாக இருந்தால்தான் பேங்க் பணம் கொடுக்கும் என்று. அப்படி இல்லை. உலகம் முழுக்க பேங்குகள் இதற்கு ஒரே விதிப் புத்தகம் வைத்திருக்கின்றன. அந்த வருடம் ஜனவரி 1 முதல் யு.சி.பி. 500 என்ற பதிப்பு நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் அடிப்படை இதுதான்: பேங்க் பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல. பெட்டிக்குள் தோல் இருக்கிறதா, வைக்கோல் இருக்கிறதா என்பது பேங்கின் கவலை இல்லை. இன்வாய்ஸ், கப்பல் ரசீது, சரக்குப் பட்டியல், சான்றிதழ் எல்லாம் கேட்ட மாதிரி இருந்தால் பணம் போய்விடும். ஏதாவது ஒன்றில் பிசகு இருந்தால் மட்டும் வாங்குகிறவனைக் கூப்பிட்டு, 'இதை ஏற்றுக்கொள்கிறீர்களா' என்று கேட்பார்கள். அந்தப் புத்தகப்படி பேங்க் அதை ஆராய்வதற்கு அதிகபட்சம் ஏழு வேலை நாள். இன்றைய யு.சி.பி. 600-இல் அது ஐந்து நாள்.

சரக்கு ஆகஸ்ட் கடைசியில் டக்காரில் ஏறியது. செப்டம்பர் நடுவில் காகிதங்கள் பேங்குக்கு வந்துவிட்டன. சரக்கு இன்னும் கடலில். இதுதான் இறக்குமதியின் விசித்திரம். தோலுக்கு முன்னால் காகிதம் வரும். அந்த இடைவெளியில்தான் வாங்குகிறவனுக்கு வாய் இருக்கிறது. பிறகு இல்லை.

பேங்கில் ஒரு பிசகு கண்டுபிடித்திருந்தார்கள். கப்பலில் ஏற்ற வேண்டிய கடைசித் தேதிக்கு இரண்டு நாள் தாமதமாக ஏற்றியிருக்கிறார்கள். "ரெண்டு நாள்தானே, பெரிய விஷயம் இல்ல. ஏத்துக்கிறேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, டாக்குமென்ட குடுத்துடுறோம்" என்று கவுன்டரில் சொல்லியிருக்கிறார்கள். வாடகை ட்ரம் பேசியாகிவிட்டது. பெரியமேட்டில் வாங்குகிற ஆளும் காத்திருக்கிறார். பையன் பேனாவையே எடுத்துவிட்டான். ஆனால் காகிதங்கள் பிரெஞ்சில் இருந்ததால், நகல் எடுத்துக்கொண்டு சாயந்திரம் என் வீட்டுக்கு வந்தான். மாமாவும் கூட வந்தார்.

இன்வாய்ஸ் சரியாக இருந்தது. மூன்று ரகமும் ஒப்பந்தப்படி. கப்பல் ரசீதும் தேதி தவிரச் சரி. கடைசியாக 'லிஸ்த் த கொலிசாழ்', அதாவது கட்டுவாரியான சரக்குப் பட்டியல். நான்கு பக்கம், பொடி எழுத்து. பாலெட் எண், எண்ணிக்கை, எடை என்று போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் பக்கத்து அடியில், நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரி. இன்ன இன்ன பாலெட்டுகளில் உள்ளவை 'நான்காம் ரகமும் ரெபூவும்'. ரெபூ என்றால் கழிவு, தள்ளுபடி. அந்த பாலெட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு.

படித்துச் சொன்னேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை.

முதலில் பேசியவர் மாமா. "இப்ப கையெழுத்துப் போடலன்னா கப்பல் வந்து நிக்கும். துறைமுகத்துல ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு தண்டம் ஏறும். ரெண்டு நாள் லேட்டுக்காக வந்த சரக்க எவனாவது வேணாம்பானா? எடுத்துருவோம், வர்றது வரட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் அர்த்தம் இல்லாமல் இல்லை. கன்டெய்னருக்குள் இருப்பது ஈரத் தோல். வெயிலில் நின்றால் ஓரம் காயும், பூஞ்சை பிடிக்கும்.

நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் பணம் போய்விடும், பிறகு பமாக்கோவுக்கு வழக்குப் போடப் போகிற வசதி உங்களில் யாருக்கும் இல்லை. பேங்க் பிடித்த பிசகு அற்பமானதுதான், ஆனால் மறுக்கும் உரிமையை அதுதான் உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. தேதி சரியாக இருந்திருந்தால் இந்த ரெபூவை வைத்துக்கொண்டு சண்டை போட எத்தனை இடம் இருந்திருக்குமோ தெரியாது. முடிவு உங்களுடையது என்றேன்.

பையன் வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டான். அக்காவின் நகை அவன் கண் முன்னால் நின்றிருக்க வேண்டும். எப்படியும் இழக்கலாம் என்ற நிலை. கையெழுத்துப் போட்டால் ரெபூவில் இழப்பு, போடாவிட்டால் தண்டத்தில் இழப்பு. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "சார், ஃபேக்ஸ் எழுதுங்க. பன்னெண்டு பர்சென்ட் கொறைக்கச் சொல்லுங்க. இல்லன்னா டாக்குமென்ட் திரும்பிப் போவும்னு எழுதுங்க" என்றான். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார்.

ஃபேக்ஸில் இரண்டே வாக்கியம். முதல் வாக்கியத்தில் தேதி. இரண்டாவதில் மூன்றாம் பக்கத்து நட்சத்திரக் குறி. திட்டவில்லை, குற்றம் சாட்டவில்லை. பிரெஞ்சில் வியாபாரக் கடிதத்துக்கு ஒரு நீண்ட மரியாதை முடிவு உண்டு, 'எங்கள் உயர்ந்த உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்கிற மாதிரி. ஒரு வரி கூடுதல் செலவானாலும் அதையும் முழுசாக எழுதினேன். பையன் ஏன் என்று கேட்டான். நாளைக்கும் இவர்களிடம்தானே வாங்கப் போகிறாய் என்றேன்.

மூன்று நாள் பதில் இல்லை. நாலாம் நாள் ஆறு சதவீதம் குறைக்கிறோம் என்று வந்தது. இன்னும் இரண்டு ஃபேக்ஸ். ஒன்பதில் முடிந்தது. பேங்குக்குத் திருத்திய தொகை எழுத்தில் வந்த பிறகுதான் பையன் கையெழுத்துப் போட்டான். அதற்குள் கப்பல் வந்து, இலவச நாள்கள் தீர்ந்து, தண்டம் ஓட ஆரம்பித்திருந்தது. ராஜாஜி சாலை சுங்க அலுவலகத்துக்கும் துறைமுகத்துக்கும் ஏஜென்ட்டோடு அலைந்து, அக்டோபர் முதல் மழை விழுந்த வாரத்தில் சரக்கை வெளியே எடுத்தான். பதினோரு நாள் தண்டம், வாடகை எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்.

மேல்விஷாரத்தில் கன்டெய்னரைப் பிரித்தபோது பாய் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பாலெட்டில் பிளாஸ்டிக் உறை கிழிந்து ஓரம் காய்ந்திருந்தது. மற்றவை நன்றாகவே இருந்தன. ரெபூ எந்த பாலெட்டில் எவ்வளவு என்று பட்டியலில் எழுதியிருந்ததோ, அதே பாலெட்டில் அவ்வளவே இருந்தது. அந்த மனிதர்கள் பொய் சொல்லவில்லை. நட்சத்திரக் குறி போட்டு உண்மையைத்தான் எழுதியிருந்தார்கள்.

கணக்கு இப்படி முடிந்தது. விலைக் குறைப்பு 80,000 ரூபாய் சொச்சம். அதில் தண்டம் 14,000 போனது. ரெபூ தோலை வந்த விலைக்குத் தள்ளியதில் சேதம் 50,000-க்கு மேல். ஏழு மாத உழைப்புக்கு, எல்லாம் போக மூன்று பேருக்கும் சேர்த்து நின்ற லாபம் 27,000. அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் கைப்பிடித்தம் ஆகியிருக்கும். டிசம்பரில் அக்காவின் நகை வட்டியோடு மீண்டது.

மாமா தன் முதலையும் 9,000 ரூபாய் லாபத்தையும் வாங்கிக்கொண்டு விலகிவிட்டார். வெளியாள் பேச்சைக் கேட்டுத் தன்னைச் சபையில் தாழ்த்திவிட்டான் என்று அவருக்கு மனத்தாங்கல். அந்தப் பெரியவர் கடைசி வரை அந்த வீட்டுப் படி ஏறவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இது எந்தத் தாளிலும் எழுதாத செலவு. சொந்தக்காரர் பணத்தை வியாபாரத்தில் சேர்க்கும்போது, முடிவெடுப்பது யார் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

தம்பி அதற்குப் பிறகும் சில முறை தோல் தருவித்தான். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிப்பு நிலையம் இல்லாத ஷாப்புகளுக்குப் பூட்டு விழுந்தது. வாடகை ட்ரம் கிடைப்பது கஷ்டமாயிற்று. பாலாற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் நாம், அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டேன். அவன் ஷூவுக்கான ஜிப், பக்கிள் பக்கம் திரும்பினான். இப்போது நகை கொடுத்த அக்காவின் மகள்தான் அந்தத் தொழிலைக் கவனித்துக்கொள்கிறாள். ஆம்பூரில் கடை. தாய்மாமனை விடக் கெட்டிக்காரி.

காலம் மாறிவிட்டது. பிரெஞ்சு ஃப்ராங்கே இப்போது இல்லை. சி.எஃப்.ஏ. ஃப்ராங்க் யூரோவோடு கட்டப்பட்டு, 1 யூரோவுக்கு 655.957 என்று நிற்கிறது. இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கு சாஸ்திரி பவன் நடை வேண்டாம். வீட்டிலிருந்தே கணினியில் வாங்கலாம், கட்டணம் 500 ரூபாய், பான் எண்தான் அந்த எண். ஆனால் வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பித்து உறுதி செய்யாவிட்டால் முடங்கிவிடும். சுங்கத்துக்கான பில் ஆஃப் என்ட்ரியைச் சரக்கு வருவதற்கு முந்தின நாளே போட்டுவிட வேண்டும், தாமதித்தால் அபராதம். 2025 பட்ஜெட்டில் வெட் புளூ மீதான அடிப்படை இறக்குமதி வரியையும் முழுவதும் எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் பார்த்து, நம் பிள்ளைகளில் சிலர் வேலையை விட்டுவிட்டு இறக்குமதியில் இறங்கலாமா என்று யோசிக்கிறார்கள். தாராளமாக இறங்கட்டும்.

அவர்களுக்கு ஒரு குமாஸ்தா சொல்லக்கூடியது கொஞ்சம்தான். விலையைக் கேட்கும்போது, எந்த இடத்தில் கொடுக்கும் விலை என்று சேர்த்துக் கேளுங்கள். மொத்தமாக வாங்கும் முன் சாம்பிள் பார்த்து, ரகத்தை எழுத்தில் வாங்குங்கள். வீடு வந்து சேரும் வரை ஆகும் செலவை ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள், 'எதிர்பாராதது' என்ற வரியைக் காலியாக விடாதீர்கள். வருகிற மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரைத் தேடிப் போங்கள். இப்போது கைபேசியே மொழிபெயர்க்கிறது என்கிறார்கள். நான் சோதித்துப் பார்த்தேன், பரவாயில்லை. ஆனால் நட்சத்திரக் குறி இருக்கும் மூன்றாம் பக்கத்தைப் படமெடுத்துக் காட்ட வேண்டியது நீங்கள்தான்.

பேங்கிலோ ஏஜென்ட் ஆபீஸிலோ அவசரமாகக் கையெழுத்துக் கேட்டால், நகல் வாங்கிக்கொண்டு, நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு ராத்திரிக்கு அவர்கள் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.